ஃபுல்லம்: பாதரசம் பொதிந்த பகடை

சொல் பிறந்த கதை – 14

16-ஆம் நூற்றாண்டு லண்டனில் எவரையாவது சந்திக்க வேண்டுமென்றால் புனித பவுல் தேவாலயத்துக்குப் போனால் போதும். பலிபீடத்துக்கு முன்னால் ஜெபம் நடக்கும். நீண்ட நடுக்கூடத்தில் ஊர்ச்சந்தை நடக்கும். வக்கீல்கள் கட்சிக்காரர்களோடு பேசுவது அங்கேதான். வேலை தேடும் பணியாட்கள் தூணோரம் காத்து நிற்பதும் அங்கேதான். பார்க்கவும் பார்க்கப்படவும் விரும்பிய எல்லோரும் அந்தக் கூடத்தில் மேலும் கீழும் உலாத்தினார்கள். ஊர்ப்புறத்திலிருந்து புதிதாக வந்த வசதியான வீட்டு இளைஞன் ஒருவனும் ஒரு நாள் அப்படி உலாத்திக்கொண்டிருக்கிறான். சீருடை அணிந்த மூன்று நான்கு வேலைக்காரர்கள் பின்தொடர, உயர்ந்த உடையில் ஒரு கனவான் எதிரே வருகிறார். பேச்சுக் கொடுக்கிறார். வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார். விருந்து பிரமாதம். சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுப் பகடையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

1552 வாக்கில் லண்டனில் அச்சான ஒரு சிறு நூல் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்குகிறது. நீளமான அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், பகடையாட்டத்தின் இழிந்த, அருவருப்பான வழக்கங்களை வெளிச்சமாக்கும் நூல் என்று வரும். எழுதியவர் கில்பர்ட் வாக்கர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ‘ஆர்’, ‘எம்’ என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் இரண்டு பேரின் உரையாடலாக நூல் நகர்கிறது. ‘ஆர்’ தனக்குக் கிடைத்த புதிய நட்பைப் பெருமையோடு சொல்கிறான். ‘எம்’ அனுபவசாலி. அந்தக் கனவான் யார், அந்த வேலைக்காரர்கள் யார், அந்த விருந்துக்கு யார் பணம் கொடுத்தது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டுகிறான்.

சூது பாவம் என்று போதித்த நூல்கள் அதற்கு முன்பும் எத்தனையோ உண்டு. வாக்கரின் நூல் தனித்து நிற்பதற்குக் காரணம், அது தொழில் ரகசியத்தை எடுத்துத் தெருவில் வைத்தது. கள்ளப் பகடையில் எத்தனை ரகம், ஒவ்வொன்றுக்கும் தொழில்காரர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன, எந்த ஆட்டத்தில் எது உதவும், யார் செய்து கொடுக்கிறார்கள் என்ற விவரம் அத்தனையும் அதில் இருக்கிறது. ரகங்கள் மட்டும் 14. அந்தப் பட்டியலில் உள்ள ஒரு பெயர்தான் இந்த வாரத்துச் சொல்: ஃபுல்லம். இன்றைய ஆங்கிலத்தில் வழக்கொழிந்துபோன சொல். அகராதியிலும் பழைய நாடகங்களின் அடிக்குறிப்பிலும் மட்டுமே இப்போது அதைப் பார்க்கலாம். உள்ளே கனம் பொதித்து, வேண்டிய எண்ணையே விழவைக்கும் பகடைக்கு அந்தக் காலத்து லண்டன் சூதாடிகள் இட்ட பெயர் அது.

ஃபுல்லத்துக்குப் போகும் முன் அதன் சகோதரன் ஒருவனைப் பார்த்துவிட வேண்டும். அன்றைய ஏமாற்றுக்காரர்கள் எவ்வளவு கணக்கோடு வேலை செய்தார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

நம் தாயக்கட்ட ஆட்டத்தில் ஒன்று விழுந்தால் ‘தாயம்’ என்கிறோம் அல்லவா? ஆங்கிலேயச் சூதாடிகளும் பகடை எண்களுக்குத் தனிப் பெயர்கள் வைத்திருந்தார்கள். எல்லாம் பிரெஞ்சு வழியாக வந்தவை: ஏஸ், டியூஸ், ட்ரே, கேட்டர், சின்க், சைஸ். மூன்று ட்ரே, நான்கு கேட்டர். ‘லாங்ரெட்’ என்றொரு கள்ளப் பகடை இருந்தது. பார்வைக்குச் சரியான சதுரம். உண்மையில் மூன்றும் நான்கும் இருக்கும் முகங்களுக்கு இடையிலான நீளத்தை மட்டும் மயிரிழை கூட்டி அறுத்திருப்பார்கள். செங்கல்லைத் தூக்கி எறிந்தால் அது குறுகிய முனையில் நிற்பது அபூர்வம், பக்கவாட்டில்தான் படுக்கும். லாங்ரெட்டும் அப்படியே. முனை முகங்களான மூன்றும் நான்கும் மேலே வருவது அரிது. ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு இவையே மாறி மாறி வரும்.

இதனால் என்ன லாபம்? அன்று ‘நோவெம் குயின்க்வே’ என்று ஓர் ஆட்டம் இருந்தது. இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். ஒன்பது, ஐந்து என்ற இரண்டு கூட்டுத்தொகைகளே அதில் முக்கியம். ஆட்டத்தின் பெயரே லத்தீனில் ஒன்பதும் ஐந்தும்தான். இப்போது கணக்குப் போடுங்கள். ஐந்து வர வேண்டுமென்றால் ஒன்றும் நான்கும் விழ வேண்டும், இல்லையேல் இரண்டும் மூன்றும். ஒன்பது வர வேண்டுமென்றால் மூன்றும் ஆறும், அல்லது நான்கும் ஐந்தும். எந்த வழியில் போனாலும் ஒரு மூன்றோ ஒரு நான்கோ இல்லாமல் முடியாது. நேர்மையான பகடைகளில் 36 வாய்ப்புகளில் 8 வாய்ப்புகள் ஐந்துக்கும் ஒன்பதுக்கும் உரியவை. மேசையில் ஒரு ஜோடி லாங்ரெட் உருளும்வரை அந்த எட்டும் ஏறக்குறைய செத்துப்போகின்றன. அதை அறிந்தவன் அதற்கேற்பப் பந்தயம் கட்டுகிறான். அறியாதவன் தன் ஜாதகத்தை நொந்துகொள்கிறான். வாக்கரின் நூல் இந்தக் காரணத்தை இதே தெளிவோடு விளக்குகிறது. நிகழ்தகவு என்ற கணிதத் துறைக்கு அன்று பெயர்கூடக் கிடையாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

அதே 1552-ஆம் ஆண்டில் ஒரு பொருத்தம். பகடை வாய்ப்புகளை முதன்முதலாக முறையாக எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவரான இத்தாலிய மருத்துவர் ஜெரோலமோ கார்டானோ அந்த ஆண்டுதான் லண்டனுக்கு வந்தார். ஸ்காட்லாந்தில் பேராயர் ஜான் ஹாமில்டனுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இளம் மன்னர் ஆறாம் எட்வர்டைச் சந்தித்தார். கார்டானோவும் பெரிய சூதாடி. சூதாட்டம் பற்றி அவர் எழுதிய நூல் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து 1663-இல்தான் அச்சேறியது. வாய்ப்புகளைக் கணக்கிடும்போது அவர் ஒரு நிபந்தனையை மறக்காமல் வைக்கிறார்: பகடை நேர்மையானதாக இருந்தால். லண்டன் சந்துகளில் பிழைத்தவர்களின் வாழ்க்கையே அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லில்தான் ஓடியது.

இனி ஃபுல்லம்.

அந்தக் காலத்துப் பகடை பெரும்பாலும் எலும்பு. மாட்டின் கால் எலும்பை அறுத்து, தேய்த்து, சிறு சிறு கட்டங்களாக்குவார்கள். வசதியானவர்கள் கைக்குத் தந்தப் பகடை. முகங்களில் புள்ளிக் குழி எடுத்துக் கருப்பு நிறம் ஏற்றுவார்கள். ஏமாற்றுக்காரனுக்கு அந்தப் புள்ளிகளே வாசல். ஒரு புள்ளியை மட்டும் ஆழமாகத் துளைத்து, ஒரு சொட்டுப் பாதரசத்தை உள்ளே விட்டு, வாயைக் கீலால் அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. புள்ளி எப்படியும் கருப்பு. அடைத்த கீலும் கருப்பு. கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஈயமும் இதற்குப் பயன்பட்டது. ஆனால் பாதரசம் ஈயத்தைவிடக் கனமானது. அதே கனத்துக்குச் சிறிய துளையே போதும்.

ஃபுல்லத்தில் இரண்டு வகை உண்டு. உயர் ஃபுல்லம் நான்கு, ஐந்து, ஆறு என்று விழும். தாழ் ஃபுல்லம் ஒன்று, இரண்டு, மூன்று என்று விழும். ஒரே பகடை எப்படி மூன்று எண்களுக்கு மட்டும் சாயும்? கையில் ஒரு பகடை இருந்தால் எடுத்துப் பாருங்கள். எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ஏழு வரும். அதனால் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று முகங்களும் ஒரு மூலையில் வந்து கூடுகின்றன. நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை அதற்கு நேரெதிர் மூலையில் கூடுகின்றன. முதல் மூலைக்குப் பக்கத்தில் கனத்தை வைத்தால் அந்த மூலை கீழே போகப் பார்க்கும்; பெரிய எண்களில் ஒன்று மேலே வரும். எதிர் மூலையில் வைத்தால் சின்ன எண்கள்.

இந்த ஏழுக் கணக்கு இடைக்கால ஐரோப்பாவில் எல்லாக் காலத்திலும் வழக்கில் இருக்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நெதர்லாந்தில் கிடைத்த பழைய பகடைகளை வரிசைப்படுத்திப் பார்த்த ஆய்வாளர்கள், 1450 வரையிலான சில நூற்றாண்டுகளில் ஒன்றுக்கு எதிரே இரண்டு, மூன்றுக்கு எதிரே நான்கு, ஐந்துக்கு எதிரே ஆறு என்ற அமைப்பே ஓங்கியிருந்ததைக் கண்டார்கள். 1450-க்குப் பிறகு ஏழு அமைப்பு அதன் இடத்தைப் பிடிக்கிறது. பழைய அமைப்பில் ஐந்தும் ஆறும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. எந்த மூலையில் கனத்தை வைத்தாலும் பெரிய எண் மூன்றையும் சேர்த்து வரவழைக்க முடியாது. உயர், தாழ் என்று இரண்டாகப் பிரியும் ஃபுல்லம் புதிய அமைப்பின் குழந்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நேர்மையான ஆட்டக்காரர்களுக்குச் சமநிலையாகத் தெரிந்த ஒரு மாற்றம் ஏமாற்றுக்காரர்களுக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டது.

இதெல்லாம் நூலில் எழுதிவைத்த கதை மட்டும்தானா என்று கேட்பவர்களுக்குத் தேம்ஸ் நதி பதில் வைத்திருந்தது. லண்டனில் அந்த நதியின் கரைச் சேற்றிலிருந்து வெள்ளீயக் கலவையால் ஆன ஒரு சின்னஞ்சிறு குவளை கிடைத்தது. காலம் 15-ஆம் நூற்றாண்டின் இறுதி. உள்ளே 24 எலும்புப் பகடைகள். மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணப் பகடைகள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது 18 பகடைகளுக்குள் பாதரசம் இருந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கனம் இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தது. எஞ்சிய ஆறில் பாதரசம் இல்லை. அவற்றின் கள்ளத்தனம் வேறு விதம். மூன்று பகடைகளில் ஒன்று, இரண்டு, மூன்று மட்டுமே இரண்டிரண்டு முறை. மற்ற மூன்றில் நான்கு, ஐந்து, ஆறு மட்டுமே இரண்டிரண்டு முறை.

இப்படி ஒரு பகடையை மேசையில் போட்டால் கண்டுபிடிக்க மாட்டார்களா? மாட்டார்கள். ஒரு கட்டத்தின் மூன்று முகங்களுக்கு மேல் ஒரே இடத்திலிருந்து யாராலும் பார்க்க முடியாது. ஒரே எண்ணை எதிரெதிர் முகங்களில் போட்டுவிட்டால், பார்க்கிறவன் கண்ணுக்கு எப்போதும் மூன்று வெவ்வேறு எண்களே தெரியும். அவன் எழுந்து மேசையைச் சுற்றி வந்தால்தான் ஏமாற்றுக்காரன் மாட்டுவான். பந்தயம் சூடாக இருக்கும்போது யார் எழுந்து நடக்கிறார்கள்? நார்வேயின் பெர்கன் நகரில் 2018-இல் அகழ்ந்தெடுத்த சுமார் 600 ஆண்டுப் பழமையான மரப் பகடையிலும் இதே புத்திதான். ஒன்றும் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு நான்கும் இன்னொரு ஐந்தும்.

கள்ளப் பகடை வைத்திருப்பது பாதி வித்தை. மீதி வித்தை அதை வேண்டிய நேரத்தில் உள்ளே விட்டு, வேண்டாத நேரத்தில் வெளியே எடுப்பது. எப்போதும் ஆறு விழுந்துகொண்டிருந்தால் குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே நல்ல பகடை ஒரு ஜோடி மேசையில் உருளும். ஃபுல்லம் ஒரு ஜோடி உள்ளங்கை மடிப்பில் ஒளிந்திருக்கும். உருட்டும் கணத்தில் இடம் மாறும். இந்தக் கை வேலைக்கு அன்றைய பெயர் ‘ஃபாய்ஸ்ட்’. கைக்குள் மூடிப் பிடிப்பது என்ற பொருளுள்ள டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. வேண்டாத ஒன்றை ஒருவர் தலையில் கட்டுவது என்ற பொருளில் அது இன்றும் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கிறது. பகடை ஆட்டத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஏமாற்று என்பதற்கு இன்று உலகமே பயன்படுத்தும் ‘சீட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே மேசைக்குப் பக்கத்தில் வளர்ந்ததுதான். வாரிசு இல்லாமல் இறந்தவனின் நிலம் அரசனுக்குப் போய்ச் சேரும் முறைக்கு ‘எஸ்ச்சீட்’ என்று பெயர். அந்த நிலத்தைக் கைப்பற்ற வரும் அதிகாரிகள் செய்த அக்கிரமத்தால் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்தது. தலை தேய்ந்து ‘சீட்’ ஆனது. திருடர்கள் அதைத் தங்கள் பரிபாஷையில் சேர்த்துக்கொண்டார்கள். கள்ளப் பகடைத் தொழிலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சீட்டிங் லா’. அதாவது ஏமாற்றுச் சட்டம். ஒவ்வொரு திருட்டுத் தொழிலையும் அவர்கள் ‘சட்டம்’ என்றே அழைத்தார்கள். வாக்கர் அம்பலப்படுத்திய சரக்கை 1591-இல் ராபர்ட் கிரீனும் 1608-இல் தாமஸ் டெக்கரும் எடுத்துப் புதுச் சட்டை மாட்டி விற்றார்கள். கிரீன் ஏமாறுகிறவர்களுக்குப் பயன்படுத்திய பெயர் முயல். முயல் பிடிப்பவர்களைப் பற்றிய அவருடைய சிறு நூல்களை லண்டன்வாசிகள் விரும்பி வாங்கிப் படித்தார்கள்.

அரசு சும்மா இருந்ததா? 1376-லேயே லண்டனில் நிக்கோலஸ் பிரஸ்டன் என்ற தையற்காரரும் ஜான் அவுட்லா என்பவரும் கள்ளப் பலகையும் கள்ளப் பகடையும் வைத்து ஆடிப் பணம் பறித்ததாகப் பிடிபட்டார்கள். பொது இடத்தில் பலகைத் துளைகளில் தலையையும் கைகளையும் மாட்டி நிறுத்தும் தண்டனை கிடைத்தது. அந்தக் கள்ளப் பலகையை அவர்களுக்குக் கீழேயே போட்டு எரித்தார்கள். 1541-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி கொண்டுவந்த சட்டம் கைவினைஞர், கூலியாட்கள், பணியாட்கள் பகடை ஆடுவதைக் கிறிஸ்துமஸ் காலம் தவிர மற்ற நாள்களில் தடுத்தது. ஆனால் அந்த ஹென்றியே ஆசை தீரப் பகடை ஆடியவர். புனித பவுல் தேவாலயத்தின் வளாகத்தில் ஒரு கோபுரத்தில் தொங்கிய நான்கு பெரிய மணிகளை மன்னர் பணயமாக வைத்தார், சர் மைல்ஸ் பார்ட்ரிட்ஜ் 100 பவுண்டு வைத்தார், மன்னர் தோற்றார் என்று லண்டன் நகரத்தின் வரலாற்றை எழுதிய ஜான் ஸ்டோ பதிவு செய்திருக்கிறார். மணிகளை இறக்கி உருக்கி விற்ற பார்ட்ரிட்ஜ் 1552-இல் வேறொரு வழக்கில் தூக்கிலிடப்பட்டார். மேலே இப்படி இருக்கும்போது கீழே உள்ளவனுக்கு மட்டும் போட்ட தடை எவ்வளவு பலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தடை பலிக்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் வாக்கரின் நூலில் இருக்கிறது. கள்ளப் பகடை எங்கே செய்கிறார்கள் என்ற கேள்விக்கு ‘எம்’ சொல்லும் பதில் இது: கிங்ஸ் பெஞ்ச் சிறையிலும் மார்ஷல்ஸீ சிறையிலும் செய்கிறார்கள், ஆனாலும் ஹோல்போர்னில் இருக்கும் பேர்ட் என்பவனே கைதேர்ந்த வேலைக்காரன். சிறைக்குள்ளேயே பட்டறை! இரண்டு சிறைகளும் தேம்ஸின் தென்கரையில், சதர்க்கில் இருந்தன. பெரும்பாலும் கடன்காரர்கள் அடைபட்ட இடங்கள். கையில் நேரமும் வயிற்றில் பசியும் உள்ள மனிதர்கள். இந்தப் பதிலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லின் பிறப்பைத் தீர்மானிக்க இது பிறகு தேவைப்படும்.

ஃபுல்லத்துக்குச் சாகாவரம் கொடுத்தது நாடக மேடை. ஷேக்ஸ்பியரின் ‘வின்சரின் உல்லாச மனைவியர்’ நாடகத்தில் பருத்த கிழவன் ஃபால்ஸ்டாஃப், பணக்கார வீட்டுப் பெண்கள் இருவருக்கு ஒரே மாதிரிக் காதல் கடிதம் எழுதுகிறான். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தன் ஆட்கள் பிஸ்டலையும் நிம்மையும் அழைக்கிறான். மாமா வேலை பார்க்க மாட்டோம் என்று இருவரும் மறுக்கிறார்கள். ஃபால்ஸ்டாஃப் அவர்களை வேலையிலிருந்து துரத்திவிட்டு, சிறுவனிடம் கடிதங்களைக் கொடுத்து அனுப்புகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் பிஸ்டல் குமுறுகிறான். கூர்டும் ஃபுல்லமும் கைவசம் இருக்கும்வரை, உயர்வும் தாழ்வும் பணக்காரனையும் ஏழையையும் ஏய்க்கும்வரை, தன் பைக்குக் காசு வரும் என்பது அவன் சொல்வதன் சாரம். கூர்டு, ஃபுல்லம், உயர்வு, தாழ்வு நான்குமே கள்ளப் பகடைகளின் பெயர்கள். குளோப் அரங்கில் தரையில் நின்று பார்த்த கூட்டத்துக்கு அடிக்குறிப்பு தேவைப்பட்டிருக்காது.

1599-இல் பென் ஜான்சன் தன் நாடகம் ஒன்றில் இன்னொரு ஏமாற்றுக்காரனை அறிமுகப்படுத்துகிறார். அவன் யாரிடமாவது வேலை பார்க்கிறானா என்ற பேச்சு வருகிறது. அவனா வேலை பார்ப்பான், அவனிடமே உயர்ந்த ஆள்களும் தாழ்ந்த ஆள்களும் இருக்கிறார்களே, ஃபுல்ஹாமில் அவனுக்கு நல்ல வருமானம் உண்டே என்று ஒரு பாத்திரம் கேலி செய்கிறது. ஆள்கள் என்றால் உயர், தாழ் பகடைகள். ஃபுல்ஹாம் என்றால் லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையில் உள்ள ஊர். இரண்டு பொருளையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தச் சிலேடை மிகவும் நன்றாக இருந்தது. சொல்லின் பிறப்பைப் பற்றிய குழப்பமும் அங்கே தொடங்குகிறது.

1674-இல் சார்லஸ் காட்டன் வெளியிட்ட ஆட்டக் கையேடு உயர் ஃபுல்லம், தாழ் ஃபுல்லம் இரண்டையும் விளக்குகிறது. சோதித்துப் பார்க்கும் வழியையும் சொல்கிறது: பகடையின் எதிரெதிர் மூலைகளை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே லேசாகப் பிடித்தால், கனமான பக்கம் தானே கீழே திரும்பிவிடும். அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே சாமுவேல் பட்லர் ‘ஹூடிப்ராஸ்’ என்ற அங்கதக் காவியத்தில் கவிஞர்களின் புனைவுகளை ஃபுல்ஹாம்கள் என்று அழைத்தார். பிறகு சொல் மெல்ல மங்கியது. 1822-இல் வால்டர் ஸ்காட் முதலாம் ஜேம்ஸ் காலத்து லண்டனைக் கதைக்களமாக்கி எழுதிய நாவலில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அதற்குள் அது பழமையின் வாசனைக்காகத் தேடி எடுக்க வேண்டிய சொல்லாகிவிட்டது.

இப்போது கேள்விக்கு வருவோம். ஃபுல்லம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

அகராதிகள் பெரும்பாலும் ஃபுல்ஹாம் ஊரைக் கைகாட்டுகின்றன. 1785-இல் கொச்சைச் சொற்களுக்கு அகராதி தொகுத்த பிரான்சிஸ் குரோஸ், ஒன்று அவை அந்த ஊரில் செய்யப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்த ஊர் ஏமாற்றுக்காரர்கள் கூடும் இடமாக இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையே திரும்பச் சொன்னார்கள். குரோஸின் ‘ஒன்று, அல்லது’ என்ற நடையைக் கவனியுங்கள். தெரிந்த ஒருவர் இரண்டு காரணம் சொல்லமாட்டார்.

அந்த ஊரின் வரலாறு என்ன? ஃபுல்லா என்பவனுக்குரிய ஆற்று வளைவு நிலம் என்பதே பெயரின் பொருள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது லண்டன் பேராயத்தின் கைக்குப் போய்விட்டது. 879-இல் டேனியப் படை ஒன்று குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கியது என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அதற்குப் பிறகு அந்த ஊரின் அடையாளம் லண்டன் பிஷப்பின் மாளிகைதான். நீளமான அகழி சூழ்ந்த அந்த மாளிகையில் 1970-கள் வரை பிஷப்புகள் வாழ்ந்தார்கள். கால்பந்து ரசிகர்களுக்கு ஊர்ப் பெயர் கிளப்பால் தெரியும். 16-ஆம் நூற்றாண்டில் அது பிஷப்பின் தோட்டங்களும் ஆற்றுப் படகுத்துறையுமாக இருந்த ஊர்.

சொல்லின் எழுத்துக்கூட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஊர்ப் பெயரில் ‘ஹா’ எழுத்தில் உண்டு, வாயில் இல்லை. இன்றும் உள்ளூர்க்காரர்கள் ‘ஃபுலம்’ என்றுதான் உச்சரிக்கிறார்கள். அன்று ஊரையும் பகடையையும் ஒரே மாதிரி எழுதினார்கள். காது ஒன்று, எழுத்து ஒன்று. ஜான்சனின் சிலேடை பலித்ததும் அதனால்தான்.

பொருளை வைத்துப் பார்த்தால் வேறு வழி தெரிகிறது. ஃபுல்லத்தின் இணைபிரியாத தோழன் கூர்டு. கூர்டு என்றால் சுரைக்காய். சுரைக்குடுக்கையைப் போல உள்ளே ஒரு பக்கம் குடைந்து வெற்றிடமாக்கிய பகடை அது. குடைந்த பக்கம் லேசாகி மேலே வரும். ஒன்று வெற்றுக் குடுக்கை என்றால் மற்றொன்றுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? நிறைந்தது என்று வைப்பார்கள். ஆங்கிலத்தில் நிறைந்தது ‘ஃபுல்’. நிறைந்த ஒன்று என்பதைப் பேச்சில் வேகமாகச் சொன்னால் ‘ஃபுல்லன்’ என்று ஒலிக்கும். அதிலிருந்து ஃபுல்லம் அரை அடி தூரம்தான். மற்ற ரகங்களின் பெயர்களையும் பாருங்கள். நீளமாக அறுத்தது லாங்ரெட். பன்றி மயிரை நட்டுவைத்தது பிரிசில், அதாவது முள்மயிர். மூன்றும் நான்கும் வராமல் தடுத்தது தடுத்த கேட்டர்-ட்ரே. செய்முறையும் செயலுமே பெயராகியிருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் ஊர்ப் பெயரைச் சுமந்து வந்தது என்று நம்புவது கடினம்.

திருடர் பரிபாஷை ஊர்ப் பெயர்களோடு விளையாடும் என்பது உண்மை. நிறைந்த பகடைக்கு ஃபுல்லன் என்ற பெயர் நடமாடும்போது, பக்கத்தில் அதே ஒலியில் ஒரு ஊர் இருந்தால் சிலேடைக்கு இழுக்காமல் விடமாட்டார்கள். ஜான்சன் மேடையில் சொன்னது அந்தச் சிலேடையை. அடுத்தடுத்து வந்த அகராதிக்காரர்கள் சிலேடையை வரலாறாக வாசித்துவிட்டார்கள் என்பதே என் முடிவு. இதற்கு எனக்குப் பெரிய துணை வாக்கரின் நூல்தான். தொழிலை உள்ளிருந்து அறிந்த அந்த மனிதர் பட்டறை எங்கே என்று கேட்டபோது இரண்டு சிறைகளைச் சொன்னார், ஹோல்போர்ன் பேர்டைச் சொன்னார். ஃபுல்ஹாமைச் சொல்லவே இல்லை. அதே நூலின் பட்டியலில் ஃபுல்லம் மிகச் சிறந்த செய்நேர்த்தி உடையது என்ற குறிப்போடு இருக்கிறது. செய்த ஊரின் பெயரால்தான் அந்தப் பகடை அழைக்கப்பட்டிருக்கும் என்றால், அதற்கு ஹோல்போர்ன் என்று பெயர் வந்திருக்க வேண்டும்.

(தொடரும்)